கீழே போவதற்கு இத்தனை வார்த்தைகள்

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று காலை பக்கத்து மேஜை அக்கா என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

“தம்பி, உனக்கு இது எப்பவும் இருக்கிற ஸ்லவுச்சா, இல்ல இன்னிக்கு மட்டும் ட்ரூப்பா?”

ஏதோ வியாதியின் பெயர் என்று நினைத்துக்கொண்டேன். “எனக்கு அப்படில்லாம் ஒண்ணும் இல்லக்கா” என்றேன்.

அவர் டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்தார். தோள்களை முன்னால் வளைத்துக் கூன் போட்டு உட்கார்ந்து காட்டினார். “இது ஸ்லவுச். பழக்கம். பெத்தவங்க எவ்ளோ திட்டினாலும் போவாது.” பிறகு நிமிர்ந்து, கழுத்தை மட்டும் வாடிய கீரைத்தண்டு போலத் தொங்கவிட்டார். “இது ட்ரூப். ராத்திரி தூங்கலன்னா வரும். காபி குடிச்சா போயிடும்.” எனக்கு ட்ரூப்தான் என்று அவரே முடிவுசெய்து, தன் ஃபிளாஸ்க் மூடியில் காபி ஊற்றிக் கொடுத்தார்.

இது 1991ஆம் வருடம். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் தகர ஷெட் இருந்தது. இப்போது அந்தப் பக்கம் போனால் எது எங்கே இருந்தது என்று எனக்கே தெரிவதில்லை. அப்போது ஷெட்டுக்கு ஒரு பக்கம் கடலைக்கொல்லை, இன்னொரு பக்கம் ஏரி. நாங்கள் பஸ்ஸுக்கு சீட்டு செய்துகொண்டிருந்தோம். நான் கணக்கு எழுதுபவன். அவர் டைப்பிஸ்ட். தினமும் வாலாஜாபாத்திலிருந்து பஸ் மாறி வருவார். முப்பத்தைந்து வயதிருக்கும். காட்டன் புடவை, பெரிய கைக்கடிகாரம், பென்சில் செருகிய கொண்டை. எதற்கும் அதிகமாகக் கோபப்படமாட்டார். ஒன்றே ஒன்றைத் தவிர. எந்தப் பொருளும் எந்த மனிதரும் கீழே இறங்கினால், அது எந்த மாதிரி இறக்கம் என்பதற்குச் சரியான இங்கிலீஷ் வார்த்தையைச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் சோறு இறங்காது அவருக்கு.

ஈரப்புடவை காயும் கொடியைக் காட்டி, “ரெண்டு முனையும் நிக்குது, நடுவுல மட்டும் தொய்யுது பாரு, அது ஸாக்” என்பார். மத்தியான பஸ்ஸில் யாராவது வாடிய முளைக்கீரைக் கட்டோடு ஏறினால், “வில்ட்” என்று சொல்லிக்கொள்வார். மாடு வாலைத் தொங்கவிட்டால் அது வேறு, தலையைத் தொங்கவிட்டால் அது வேறு. ஒருமுறை நான், “ஏறுறதுக்கு வார்த்தையே கிடையாதாக்கா?” என்று கேட்டேன்.

“அதுக்கு ஒண்ணு ரெண்டு தெரிஞ்சா போதும் தம்பி. மேல போறப்ப எவன் வார்த்தை தேடினு நிக்கறான்? கீழ போறப்பதான் எப்படிப் போறோம்னு சொல்லத் தெரியணும். இல்லன்னா நம்மளப் பத்தி மத்தவன் எதையாவது சொல்லிட்டுப் போயிடுவான்.”

இந்த ஞானத்தால் எங்களுக்கு நன்மையும் இருந்தது. எங்கள் முதலாளி மெட்ராஸிலிருந்து காரில் வருவார். பெரிய மீசை. அவர் காரிலிருந்து இறங்கி ஷெட்டுக்குள் வருவதற்குள், ஜன்னல் வழியாக மீசையைப் பார்த்து இவர் எனக்குச் சொல்லிவிடுவார். “இடது பக்கம் மட்டும் ட்ரூப். வழியில போலீஸ்காரன் நிறுத்தியிருக்கான். லீவு கேக்கறதுன்னா சாயந்திரம் கேளு.” மாலையில் கேட்டால் லீவு கிடைக்கும். ஒருநாள் இரண்டு பக்கமும் தொங்கியது. அன்று நான் லீவே கேட்கவில்லை. கேட்ட வாட்ச்மேனுக்கு நல்ல திட்டு.

அக்காவுடைய ஜென்ம விரோதி, சீட்டுக்குள் வைக்கும் ஃபோமை வார்க்கும் செக்‌ஷனின் மேஸ்திரி. உள்ளூர்க்காரர். வேலையில் கெட்டிக்காரர், குரல் ஏரிக்கரை வரை கேட்கும். மேஸ்திரிக்கு இங்கிலீஷில் கீழே போவதற்கு ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும். டவுன்.

“மேடம், கரண்டு டவுன்.”

“கரண்டு போச்சுன்னு சொல்லு.”

“அதான், டவுன். அப்பால, அந்த மூணாவது அச்சுல ஊத்துன ஃபோமும் டவுன்.”

“டவுன்னா? அமுங்கிக் கிடக்குதா, நடுவுல தொய்யுதா, ஓரமாத் தொங்குதா?”

“இன்னா மேடம் நீ? கீழ போச்சு. கீழன்னா கீழதான். நாளைக்கு நான் லீவு. வூட்ல பொஞ்சாதிக்கு உடம்பு டவுன்.”

“பொஞ்சாதியைக்கூடவா டவுன்னு சொல்லுவே?”

“சொன்னா இன்னா? அது என்னைத் தெனிக்கும் டவுன்னுதான் சொல்லுது.”

இது காலை டிபனுக்கு முன்னால் ஒருமுறை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை நடக்கும். இருவரும் முறைத்துக்கொண்டு பிரிவார்கள். மேஸ்திரி போன பிறகு இவர் டைப் அடிக்கும் சத்தம் கொஞ்சநேரம் பலமாகக் கேட்கும்.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று ஒருநாள் அவரே சொன்னார். இங்கே வருவதற்கு முன் காஞ்சிபுரத்தில் ஒரு கண் டாக்டரிடம் டைப்பிஸ்டாக இருந்திருக்கிறார். ஒரு பெரியவருக்கு இடது கண் இமை தொங்கிப்போய், சின்ன ஆபரேஷன். இமை இறங்கியிருக்கிறது என்று வெளியே உட்கார்ந்திருக்கும் மகனிடம் சொல்லச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மகன் பேன்ட் சட்டை போட்டுப் படித்தவர் போல இருந்ததால், இவரும் இங்கிலீஷிலேயே சொல்லலாம் என்று, “பேஷண்ட் இஸ் சிங்க்கிங்” என்றிருக்கிறார்.

“ஆஸ்பத்திரியில சிங்க்கிங்னா உயிர் எறங்கினு இருக்குதுன்னு அர்த்தம் தம்பி. எனக்கு அன்னிக்குத் தெரியாது. அந்த ஆளு ‘நைனா’ன்னு சொவத்துல முட்டிக்கினு அழுதான். நான் வேற, ‘பயப்படாதீங்க, அரை மணியில முடிஞ்சிடும்’னு ஆறுதல் சொல்றேன்.”

ஆபரேஷன் முடிந்து பெரியவர் கண்ணில் கட்டோடு நடந்து வெளியே வருவதற்குள் ஊரிலிருந்து ஒரு டெம்போ நிறைய சொந்தக்காரர்கள் மாலையோடு வந்து இறங்கிவிட்டார்களாம். பெரியவர் ஒற்றைக் கண்ணால் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, “கண்ணு ஆபரேஷனுக்கா இவ்ளோ மரியாதை?” என்று கேட்டு, மாலையை வாங்கித் தானே கழுத்தில் போட்டுக்கொண்டாராம். இவருக்கு அன்றோடு அந்த வேலை போயிற்று. அதைச் சொல்லும்போதும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கடைசியில் மட்டும், “ஒரு வார்த்தை தம்பி. அதுல போச்சு” என்று சொல்லிவிட்டுத் தாளை மாற்றினார்.

வீட்டிலும் இப்படித்தானா என்று எனக்கு ஒரு சந்தேகம். வாலாஜாபாத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அவர் வீட்டுக்காரரைப் பார்த்தேன். சாதுவான மனிதர். “எங்க வூட்ல சண்டையே வராது சார்” என்றார். “நான் இன்னா பண்ணினு உக்காந்திருந்தாலும் அதுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு அது பாட்டுக்கு உள்ள போயிடும். திட்டா, பாராட்டான்னு எனக்குத் தெரியாது. நானும் கேக்கறதில்ல.”

அந்த வருடக் கோடையில் மின்வெட்டு எங்களைப் பாடாய்ப் படுத்தியது. ஃபோம் ஊற்றும் நேரம் பார்த்துக் கரண்டு போகும். அச்சிலேயே பாதி வெந்தது போல நிற்கும் ஃபோமைச் சுரண்டி எடுப்பதே மேஸ்திரிக்கு வேலையாகிவிட்டது. அப்போது எங்கள் கையில் ஒரே பெரிய ஆர்டர்தான் இருந்தது. ஓசூரில் பஸ் பாடி கட்டும் ஒரு கம்பெனியின் ஆர்டர். அதை வைத்துத்தான் ஷெட்டில் எல்லோருக்கும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சீட்டுகள் சொன்ன தேதிக்கு முடியாது என்று தெரிந்ததும் முதலாளி வெளியே வந்து இவருடைய மேஜை முன்னால் நின்றார்.

“ஏம்மா, ஓசூருக்கு ஒரு தந்தி அடிக்கணும். சப்ளை கொஞ்சம் டிப் ஆயிருக்குன்னு நாசூக்கா போடு.”

“டிப்பா சார்?”

“ஆமா, டிப்.”

“டிப்னா பள்ளத்துல எறங்கி மறுபடி ஏறிடணும் சார். ரோட்டுல லாரி எறங்கி ஏறுதே, அந்த மாதிரி. நமக்கு எப்ப ஏறும்?”

முதலாளி தலைக்கு மேலே ஓடாமல் நின்ற மின்விசிறியைப் பார்த்தார். “அது கரண்டு ஆபீஸ்காரனுக்குத்தான் தெரியும்.”

“அப்ப டிப்னு போட்டா பொய்யாயிடும் சார்.”

“சரி, ஸ்லம்ப்னு போடு.”

“ஐயோ சார், அது பொத்துனு வுழுறது. கம்பெனியை இழுத்து மூடிட்டாங்கன்னு நினைச்சிக்குவாங்க.”

வாசலில் நின்றிருந்த மேஸ்திரி பொறுக்க முடியாமல், “டவுன்னு போட்டு அனுப்பு மேடம். ஓசூர்க்காரனுக்கு டவுன் தெரியாதா?” என்றார்.

இவர் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. கொண்டையிலிருந்து பென்சிலை உருவி நெற்றியில் தட்டிக்கொண்டார். முகம் மலர்ந்தது. “டிக்ளைன் சார். மெதுவா, நிதானமா கீழ எறங்கறது. வயசானவங்க மாடிப்படி எறங்கற மாதிரி. அதுல ஒரு மரியாதை கீது.”

மரியாதை என்றதும் முதலாளிக்குப் பிடித்துவிட்டது. தந்தியில் வார்த்தைக்கு வார்த்தை காசு என்பதால் இவர் சுருக்கமாக எழுதினார்: ‘சப்ளை டிக்ளைன்ட் டியூ பவர்கட். லெட்டர் ஃபாலோஸ்.’ நானும் படித்துப் பார்த்தேன். குறை ஒன்றும் தெரியவில்லை. இவரே ஸ்ரீபெரும்புதூர் தபாலாபீசுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். வரும்போது எங்களுக்குச் சூடாக வடை வாங்கிவந்தார்.

எங்கள் கடிதம் போய்ச் சேர்வதற்கு முன்னால் ஓசூரிலிருந்து பதில் தந்தி வந்துவிட்டது. ‘நீங்கள் மறுத்ததைக் குறித்துக்கொண்டோம். ஆர்டர் ரத்து’ என்று இங்கிலீஷில் இருந்தது.

“நாம எப்பய்யா மறுத்தோம்?” என்று முதலாளி கத்தினார்.

இவர் தன் டிக்‌ஷனரியை எடுத்துப் புரட்டினார். நுனி மடங்கி மடங்கி உப்பிப்போன புத்தகம் அது. விரல் ஓர் இடத்தில் நின்றது. நெடுநேரம் அங்கேயே நின்றது.

“சார்… அதுக்கு இன்னொரு அர்த்தமும் கீது.”

“இன்னாது?”

“மாட்டேன்னு சொல்றது.” டிக்‌ஷனரியை மூடினார். “மரியாதையா.”

இந்த இடத்தில் யாரும் பேசாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேஸ்திரி, “அந்த வார்த்தைக்குச் சின்ன வூடு ஒண்ணு கீதுன்னு யாரு கண்டா!” என்றார். எனக்கு வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டேன்.

முதலாளி உள்ளே போய் ஓசூருக்கு டெலிபோன் போட்டார். மறுத்தவர்களோடு பேச நேரமில்லை என்று அங்கே யாரோ வைத்துவிட்டார்கள். அவர் கையில் டெலிபோனோடு நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த இவர் உதடு, தன்னையறியாமல், “ஸ்லம்ப்” என்றது.

“இன்னா சொன்னே?”

“ஒண்ணும் இல்ல சார்.”

“நீயே ஓசூர் போ. நீ பண்ணதை நீயே சரி பண்ணு. முடியலன்னா அங்கேர்ந்து அப்படியே உங்க வூட்டுக்குப் போயிடு. இங்க வராத.”

இவர் எழுந்தார். டைப்ரைட்டருக்கு உறை போட்டார். ஃபிளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்தார். கண்ணில் தண்ணீர் இல்லை. ஆனால் கொண்டையில் பென்சில் இல்லாமல் அவரை நான் பார்த்தது அன்றுதான். மேஸ்திரி கொஞ்சநேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு, “வெறுங்கையோட போனா எவன் மதிப்பான்? சீட்டு ஒண்ணு எடுத்துகினு போலாம். நானும் வரேன்” என்றார். தூக்க ஆள் வேண்டும் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் காலை நெடுஞ்சாலை ஓரத்தில் நாங்கள் மூன்று பேர், இரண்டு பேர் உட்காரும் பஸ் சீட்டு ஒன்று. நின்ற பஸ்ஸின் கண்டக்டர் இறங்கி வந்து எங்களைச் சுற்றிப் பார்த்தார்.

“பஸ்ஸுல சீட்டு இருக்குதுங்க. வூட்லேர்ந்து எடுத்தார வேணாம்.”

“இது சாம்பிள்பா” என்றார் மேஸ்திரி.

லக்கேஜ் டிக்கெட் போட்டு ஏற்றிக்கொண்டார். வைக்க இடம் இல்லாமல் பஸ்ஸுக்குள் நடுவில் நடக்கும் வழியிலேயே வைத்தோம். உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டிருந்த ஒரு பாட்டையா யாரையும் கேட்காமல் அதில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் முகத்தில் ஒரு திருப்தி. “மெத்து மெத்துனு கீதுப்பா” என்றார். அவ்வளவுதான். வேலூர் தாண்டுவதற்குள் எங்கள் சீட்டுக்கு வரிசை நின்றது. சொந்த சீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள்கூட எழுந்து வந்து கொஞ்சநேரம் உட்கார்ந்து பார்த்தார்கள். மேஸ்திரி பெண் வீட்டார் போல எல்லோரையும் உபசரித்துக்கொண்டிருந்தார். இவர் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஓசூரில் சொல்லப்போவதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தபடி வந்தார்.

ஓசூர் கம்பெனியின் பர்சேஸ் ஆபீசர் குண்டாக, வழுக்கையாக, அவசரமாக இருந்தார். “நீங்க மாட்டேன்னீங்க. நான் சரின்னேன். முடிஞ்சுபோச்சு” என்றார்.

இவர் விளக்க ஆரம்பித்தார். டிப் என்றால் ஏன் பொய்யாகும், ஸ்லம்ப் என்றால் ஏன் பயமாகும், ஸாக் என்பது ஏன் பொருந்தாது. கையால் லாரி ஓட்டிக் காட்டினார். கொடி கட்டிக் காட்டினார். மாடிப்படி இறங்கிக் காட்டினார். ஆபீசர் அவர் கைகளையே பார்த்துக்கொண்டு, கோயிலில் கதை கேட்பவர் போல உட்கார்ந்திருந்தார். கடைசியில் கேட்டார்:

“அம்மா, இதுல எது உங்க கம்பெனி?”

இவருடைய கைகள் அப்படியே நின்றன. இத்தனை வார்த்தை தெரிந்தவருக்கு அன்று ஒன்றும் வராமல்போனதைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது.

மேஸ்திரி முன்னால் வந்தார். “சார், நான் சொல்றேன். கரண்டு டவுன். அதனால ஃபோம் டவுன். அதனால சீட்டு டவுன். எங்க மொதலாளியும் டவுன். இந்தம்மாவும் டவுன்.”

ஆபீசர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். “அவ்ளோதானா? இதை ஒரு தந்தியில சொல்லியிருக்கலாமே!”

பாதி ஆர்டரை ஏற்கெனவே வேறு யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தார். மீதிப் பாதியை எங்களுக்கே தந்தார். கொண்டுபோன சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அதைத் தன் அறையிலேயே வைத்துக்கொண்டார்.

இவருடைய வேலை தப்பியது. ஆனால் அதன் பிறகு அவர் மாறிப்போனார். டிக்‌ஷனரி மேஜையிலிருந்து இழுப்பறைக்குள் போயிற்று. மேஸ்திரி வந்து, “மேடம், பின்பக்கம் தகரம் டவுன்” என்றால், தலை நிமிராமல், “டவுன்தான்” என்பார். நான் வேண்டுமென்றே தூங்கி வழிந்துகொண்டு உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றும் சொல்லாமல் காபியை மட்டும் ஊற்றிக் கொடுத்தார். ஒருநாள் முதலாளியே மீசை தொங்க உள்ளே வந்து, இவர் மேஜை முன்னால் கொஞ்சநேரம் நின்று பார்த்தார். இவர் எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். முதலாளி ஏமாந்தவர் போல அறைக்குள் போனார்.

எல்லோரையும்விட மேஸ்திரிதான் தவித்துப்போனார். “இன்னாபா இது? நான் இன்னா சொன்னாலும் ஆமான்னுது. சண்டை போடறதுக்கே ஆளில்ல. சோறு துன்னாப்பலயே இல்ல எனக்கு” என்று என்னிடம் வந்து புலம்பினார்.

மழைக்காலம் வந்தது. ஏரி நிரம்பியது, கரண்டும் ஒழுங்காக வந்தது. ஒருநாள் மத்தியானம் மேஸ்திரி ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். கையைச் சுத்தமாகக் கழுவி, சட்டைப் பொத்தானெல்லாம் போட்டிருந்தார். பெண் பார்க்க வந்தவர் போல இருந்தது.

“மேடம். ட்விண்டில்னு ஒண்ணு கீதாமே.”

டைப் அடிக்கும் சத்தம் நின்றது.

“இன்னாது?”

“ட்விண்டில். தண்டலம் காலேஜ் வாத்தியார் ஒருத்தர் நம்ம பஸ்ஸுல வர்றாரு. கீழ போறதுக்கு இந்தம்மாவுக்குத் தெரியாத வார்த்தை ஒண்ணு சொல்லு சார்னு கேட்டுகினே இருந்தேன். இன்னிக்குத்தான் சொன்னாரு.”

“அப்படி ஒண்ணு கிடையாது.”

“கீது மேடம். சத்தியமா கீது.”

அவர் இழுப்பறையைப் பார்த்தார். திறக்கவில்லை. “எப்படிப் போவும் அது?”

மேஸ்திரி யோசித்தார். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து மெதுவாகத் தேய்த்துக் காட்டினார். “சோப்பு மாதிரி. வுழாது. தொங்காது. அமுங்காது. நாம பார்த்துகினு இருக்கறப்பவே சின்னதாகினே போவும்.”

அவர் அந்த வார்த்தையைச் சத்தமில்லாமல் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். இன்னொருமுறை சொல்லிப் பார்த்தார். புருவம் மேலே ஏறியது.

“சோப்புன்னா கடைசியில ஒரு சில்லு மிஞ்சுமே. அதை புது சோப்பு மேல ஒட்டிக்குவமே. அப்ப அது ட்விண்டிலா, இல்லையா?”

மேஸ்திரி உதவிக்கு என்னைப் பார்த்தார். நான் கணக்கைப் பார்த்தேன்.

“அதை நாளைக்குக் கேட்டுகினு வரேன் மேடம்” என்று சொல்லிவிட்டு அவர் ஃபோம் செக்‌ஷன் பக்கம் ஏறக்குறைய ஓடினார். அங்கே போய் யாரிடமோ பெருங்குரலில் சிரிப்பது கேட்டது. இவர் எழுந்து கை கழுவும் குழாயடிக்குப் போனார். அங்கே கிடந்த சிவப்பு சோப்புத் துண்டைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.